பிள்ளையின் கணக்கும் எமது கணக்கே

மாலை வேளையில் எமது வீடுகளில் அதிகம் கண்ணீர் வரவழைக்கும் பாடம் எதுவென்று கேட்டால், பெரும்பாலான தாய்மார் தயங்காமல் கணிதம் என்றே சொல்வார்கள். தமிழையும் சமயத்தையும் எப்படியோ எழுதி முடித்துவிடும் பிள்ளை, கணிதக் கொப்பியைத் திறந்ததும் பென்சிலைக் கடிக்கத் தொடங்குகின்றது. நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்துவிட்டு வந்த தகப்பன், "இதெல்லாம் எனக்கு விளங்காது, நாளைக்குச் சேரிடம் கேள்" என்கின்றார். மறுநாட் காலையில் பஸ்ஸிலே கெட்டிக்காரப் பிள்ளையொன்றின் கொப்பியைப் பார்த்து விடை மட்டும் எழுதப்படுகின்றது. ஆசிரியரும் சரி போடுகின்றார். வீட்டுவேலை முடிந்தது. ஆனால் பிள்ளை எதனைக் கற்றது?

இதைச் சிறிய விடயமென்று ஒதுக்கிவிட முடியாது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் கட்டாய பாடம். மற்றப் பாடங்களில் நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளையும் கணிதத்தில் தவறினால் மேலே செல்லும் வழியில் தடுமாறி நிற்கின்றது. பல தொழில்களுக்கான விண்ணப்பங்களில் முதலில் கேட்கப்படுவனவும் தாய்மொழியும் கணிதமுமே. ஆயினும் பரீட்சையிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம். விடையை வாங்கிக்கொண்டு வழியை விட்டுவிடும் பழக்கம் பிள்ளையின் கொப்பியோடு நின்றுவிடுவதில்லை. அது குடும்பத்தின் வரவு செலவு வரை வந்து சேருகின்றது. வழியை அறிந்தவரே கணக்கை ஆளுகின்றார். அறியாதவர் அவர் சொல்லும் தொகையை நம்பிக் கையொப்பமிட வேண்டியவராகின்றார்.

இடம்பெயர்ந்தவரும் கணக்கும்

கட்டுகஸ்தோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் எம்மவர் பலர் பிறந்த மண்ணில் வாழ்பவர்கள் அல்லர். மகாவலியை மறித்து 1976 இல் பொல்கொல்லை அணை எழுந்தது. 1985 இல் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் திறக்கப்பட்டன. வயல்களும் வீடுகளும் பழைய தெல்தெனிய நகரமும் நீருக்குள் போயின. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போது தோட்டங்கள் கைமாற, வேலையையும் லயத்தையும் இழந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் உடுத்த உடையோடு ஓடியவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையோடு மலை சரிந்தபோது வீட்டையும் தோட்டத்தையும் இழந்தவர்களும் இன்று இவர்களோடு சேர்ந்திருக்கின்றார்கள்.

காரணங்கள் வேறு வேறு. ஆனால் இவர்களுள் அநேகர் ஏதோ ஒரு காலத்தில் ஒரு படிவத்தின் முன்னே நின்றவர்கள். காணி எத்தனை பேர்ச்? பயன்தரும் மரங்கள் எத்தனை? மரம் ஒன்றுக்கு எவ்வளவு? வீடு எத்தனை சதுர அடி? கழிக்கப்படுவது எவ்வளவு? படிவத்தின் அடியிலே ஒரு மொத்தத் தொகை. அந்தத் தொகை எப்படி வந்ததென்று கேட்கத் தெரிந்தவர்கள் சிலர். பேசாமல் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர்கள் பலர்.

தோட்டச் சம்பளமும் அப்படியே. 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தின்போது நாட்சம்பளம் 730 ரூபாய் என்று எங்கும் பேசப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140. வரவும் குறைந்து, கொழுந்தின் அளவும் குறைந்த தொழிலாளிக்கு 60 உம் இல்லை, 140 உம் இல்லை. அவர் கைக்கு வந்தது 530. 730 என்ற விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 500 + 60 + 30 + 140 என்ற வழியை அறிந்தவரே சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னுடைய 60 எங்கே?" என்று கேட்கக் கூடியவராயிருந்தார்.

வேதாகமத்திலே ஆமோஸ் இறைவாக்கினர் படித்த குடும்பத்தில் வந்தவர் அல்லர். தெக்கோவாவைச் சேர்ந்த ஆட்டிடையர். காட்டு அத்தி மரங்களைப் பராமரித்தவர். அவரே அளவையைச் சிறிதாக்கி, விலையைப் பெரிதாக்கி, தராசைப் புரட்டிய வணிகரை வன்மையாகக் கண்டித்தார். கள்ளக் கணக்கை இறைவனுக்கு எதிரான பாவமாகவே அவர் கண்டார். அவ்வாறாயின், நேர்மையான கணக்கைக் கற்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உரிய காரியம் என்று நாம் இருந்துவிட முடியாது.

மூட்டையும் சமன்பாடும்

அட்சர கணிதம் என்ற பெயரே எம்மைப் பயமுறுத்துகின்றது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்து நிற்கின்றது. பாடநூலில் அது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாயிருக்கும். ஆனால் தெரியாத ஒன்றுக்கு ஒரு பெயரை வைத்துவிட்டு, தெரிந்தவற்றைக் கொண்டு அதனைத் தேடிப் பிடிப்பதற்கு மேல் இதில் மந்திரம் எதுவும் இல்லை.

உதாரணத்துக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரே அளவான 3 மூட்டை போஞ்சியும் உதிரியாக 5 கிலோவும் சேர்த்து நிறுத்தால் 80 கிலோ. ஒரு மூட்டையின் நிறை என்ன? மூட்டையின் நிறையை "ம" என்று வைப்போம். அப்படியானால் 3ம + 5 = 80. இதைத்தான் பாடநூல் சமன்பாடு என்கின்றது. சந்தையில் உள்ளவருக்கு இது தராசு. ஒரு தட்டில் மூன்று மூட்டையும் உதிரியும்; மறு தட்டில் 80 கிலோ படி.

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்று பிள்ளை மனனம் செய்து வந்திருக்கும். ஏன் மாறுகின்றது என்று கேட்டால் விழிக்கும். உண்மையில் எதுவும் பக்கம் மாறுவதில்லை. உதிரியான 5 கிலோவை ஒரு தட்டிலிருந்து எடுத்தால், தட்டு சமமாக நிற்க வேண்டுமானால், மறு தட்டிலிருந்தும் 5 கிலோவை எடுக்க வேண்டும். எனவே 3ம = 75. மூன்று மூட்டைக்கு 75 என்றால் ஒன்றுக்கு 25. இதைப் பிள்ளையிடம் தராசைக் காட்டிச் சொல்லுங்கள். அதன் பிறகு குறியை மாற்ற மறந்தாலும் அது தானாகவே திருத்திக்கொள்ளும்.

விடை வந்ததோடு நின்றுவிடவும் கூடாது. 25 ஐ மூட்டையின் இடத்தில் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். 3 தரம் 25, 75. அதோடு 5, 80. சரி. ஆசிரியர் இல்லாமலே பிள்ளை தன் விடையைத் தானே சோதித்துக்கொள்ள இது வழி. வேறெவருடைய சரி அடையாளத்துக்கும் காத்திருக்காமல் தன் கணக்கைத் தானே சோதிக்கத் தெரிந்த பிள்ளை நாளை எந்தக் கடைச் சிட்டையையும் சோதிக்கும்.

இந்தக் கலைக்கு உலகமெங்கும் வழங்கும் பெயர் 9 ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞரின் நூலிலிருந்து வந்தது. மக்கள் தங்களிடையே முதுசம் பிரிப்பதற்கும், வாணிபத்துக்கும், நிலம் அளப்பதற்கும், கால்வாய் வெட்டுவதற்கும் தேவையான கணக்குகளுக்காகவே அவர் அதனை எழுதினார். அல்-ஜபர் என்ற அச்சொல் குறைந்ததை மீண்டும் நிறைவாக்குவதைக் குறிக்கும். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபு மக்கள் அதே சொல்லை வழங்கினர். ஆகவே அட்சர கணிதம் பட்டணத்துப் பிள்ளைகளின் ஆடம்பரம் அன்று. காணியும் தண்ணீரும் பங்கிடுபவர்களின் தேவையிலிருந்து பிறந்தது.

அடைப்புக்குறியின் விலை

பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இன்னொரு இடம் அடைப்புக்குறி. ஒரே அளவான 4 மூட்டை மரக்கறியைக் கொண்டுபோகின்றோம். வியாபாரி மூட்டை ஒன்றுக்கு 2 கிலோ கழிவு வைத்து, மொத்தம் 92 கிலோவுக்குப் பணம் தருகின்றார். ஒரு மூட்டையின் உண்மையான நிறை என்ன?

சரியான சமன்பாடு 4(ம − 2) = 92. நான்கால் பிரித்தால் ம − 2 = 23. எனவே மூட்டை 25 கிலோ. ஆனால் பல பிள்ளைகள் அடைப்பை நீக்கும்போது 4ம − 2 = 92 என்று எழுதிவிடுகின்றன. விடை 23½ என்று வருகின்றது. கொப்பியில் சிவப்புப் பேனையால் ஒரு பிழை விழுகின்றது. ஏன் பிழையென்று பிள்ளைக்கு விளங்குவதில்லை.

அடைப்புக்குறி கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: கழிவு ஒரு தடவையா, ஒவ்வொரு தடவையுமா? 4ம − 2 என்றால் நான்கு மூட்டைக்கும் சேர்த்து 2 கிலோவே கழிக்கப்பட்டது. 4(ம − 2) என்றால் மூட்டைக்கு மூட்டை 2 கிலோ. மொத்தம் 8 கிலோ. நாம் கொண்டுபோனது 100 கிலோ, பணம் பெற்றது 92 கிலோவுக்கு. பிள்ளையின் பிழையை வியாபாரி விட்டிருந்தால் எமக்கு 6 கிலோவின் பணம் மிஞ்சியிருக்கும்! கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இதே அடைப்புக்குறி நிற்கின்றது. நாளொன்றுக்கு மூன்று தடவை நிறுவை, தடவைக்கு 2 கிலோ கழிவு என்றால் ஒரு நாளில் 6 கிலோ. 25 நாளில் 150 கிலோ. தாய் இதைப் பிள்ளைக்குச் சொல்லட்டும். அடைப்புக்குறியைப் பிள்ளை பிறகு மறக்காது.

அரையும் காலும்

பின்னங்களில் எட்டாம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளும் தடுமாறுகின்றார்கள். அரையையும் காலையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ள 1 ஐயும் 1 ஐயும் கூட்டி 2. கீழே உள்ள 2 ஐயும் 4 ஐயும் கூட்டி 6. விடை ஆறில் இரண்டு என்று எழுதுகின்றார்கள். இந்தப் பிழையைத் திருத்த விதி எதுவும் தேவையில்லை. ஓர் ஏக்கர் 160 பேர்ச். அரை ஏக்கர் 80 பேர்ச். கால் ஏக்கர் 40 பேர்ச். இரண்டும் சேர்ந்தால் 120 பேர்ச், அதாவது முக்கால் ஏக்கர். ஆறில் இரண்டு என்பது மூன்றில் ஒன்று. அது ஏறக்குறைய 53 பேர்ச். "அரை ஏக்கர் வைத்திருந்தவர் இன்னுமொரு கால் ஏக்கர் வாங்கிய பிறகு அவருடைய காணி 53 பேர்ச்சாகக் குறைந்துவிட்டதா?" என்று கேளுங்கள். பிள்ளை சிரித்துவிட்டு அழிரப்பரைத் தேடும்.

இந்த அறிவு எமக்குப் புதியதும் அன்று. தமிழிலே காரிநாயனார் செய்த கணக்கதிகாரம் என்ற பழைய நூல் நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் வைத்தே கணக்குக் கற்பித்தது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை வைத்துக்கொண்டு மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று ஒப்புவித்தார்கள். நாம் உழும் நிலத்துக்கு வழங்கும் சொல்லே ஒரு பின்னத்தின் பெயராகவும் இருந்தது. அந்தப் பரம்பரையில் வந்தவர்களின் பிள்ளைகள், "பின்னம் எங்கள் மண்டையில் ஏறாது" என்று சொல்வது பொருந்தாது.

கடன் கொப்பி

எமது கிராமங்களில் இன்று கடனில்லாத வீடு அரிது. விதைக்கு, உரத்துக்கு, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு என்று கடன் வாங்குகின்றோம். "நூற்றுக்கு இரண்டு" என்று சொல்லப்படுவதைக் கேட்டுத் தலையசைத்து விடுகின்றோம். அந்த இரண்டு எதற்கு இரண்டு?

60,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, மாதம் நூற்றுக்கு 2 வீதம் வட்டி என்று கொள்வோம். இதனை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். முதல் விதத்தில், எடுத்த 60,000 முழுவதற்கும் கடைசி மாதம் வரை வட்டி. மாதம் 1,200 ஆக 12 மாதத்துக்கு 14,400. இரண்டாவது விதத்தில், மிச்சமிருக்கும் முதலுக்கு மட்டுமே வட்டி. மாதம் 5,000 வீதம் முதலைத் திருப்பிக் கட்டி வருகின்றோம். ஆகவே முதல் மாத வட்டி 1,200. அடுத்த மாதம் 55,000 க்கு 1,100. அதற்கடுத்த மாதம் 1,000. இப்படியே இறங்கிக் கடைசி மாதம் 100.

இந்தப் பன்னிரண்டு எண்களையும் கூட்டுவது எப்படி? சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். "கூட்டல் விருத்தி" என்று அது கொப்பியில் எழுதியிருக்கின்றது. முதலாவதையும் கடைசியையும் கூட்டினால் 1,300. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் கூட்டினாலும் 1,300. இப்படி ஆறு சோடி. 6 × 1,300 = 7,800. ஒரே கடன், ஒரே "நூற்றுக்கு இரண்டு". ஒரு விதத்தில் 14,400. மறு விதத்தில் 7,800. வித்தியாசம் 6,600 ரூபாய். வீட்டிலே மூலையில் கிடக்கும் அந்தப் பாடசாலைக் கொப்பிக்குள் இந்த 6,600 ரூபாய் இருக்கின்றது. பிள்ளை அதைப் பரீட்சைக்காக மட்டும் படிக்கின்றது. பெற்றோர் வேறொரு மேசையில் கையொப்பமிடுகின்றார்கள். இருவரும் ஒரு மாலைப் பொழுதாவது ஒன்றாக உட்கார்ந்தால் என்ன?

"எமக்குப் படிப்பில்லையே"

இதைச் சொல்லும்போதெல்லாம் பெற்றோர் தரும் பதில் இதுதான். "நாங்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். எக்ஸும் வையும் எங்களுக்கு எப்படித் தெரியும்?" இந்தப் பதிலின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல். 1945 இலேயே இந்நாட்டில் இலவசக் கல்வி வந்துவிட்டது என்றாலும், அது தோட்டத்து லயங்களை வந்தடைய இன்னும் பல ஆண்டுகள் சென்றன. படிக்க முடியாமற் போனது எமது தாய் தந்தையரின் குற்றமன்று.

ஆனால் பிள்ளையின் கணக்கில் உதவுவதற்குக் கணக்கைச் செய்து காட்டத் தேவையில்லை. பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டால் போதும். நான்கு கேள்விகளைச் சொல்கின்றோம். கணக்கு என்ன கேட்கின்றது, உன் சொந்தச் சொல்லில் சொல். இதில் தெரிந்தது எது, தெரியாதது எது? இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்? வந்த விடை பொருந்துகின்றதா, திரும்ப வைத்துப் பார்த்தாயா? எழுத வாசிக்கத் தெரியாத பாட்டியும் இந்த நான்கையும் கேட்கலாம். பாட்டிக்கு விளங்கும்படி சொல்லிக்கொண்டு போகையிலே, எந்த இடத்தில் பிழைத்தது என்பது பிள்ளைக்கே பெரும்பாலும் வெளிச்சமாகிவிடும். விடை தவறினாலும் செய்கைவழி சரியாயிருந்தால் பரீட்சையில் அதற்கும் புள்ளி உண்டு என்பதைப் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள்.

"டியூஷனுக்கு அனுப்புகின்றோம், அது போதாதா?" என்று வேறு சிலர் கேட்கின்றார்கள். நல்ல ஆசிரியர்கள் அங்கும் இருக்கின்றார்கள். ஆனால் நெரிசலான வகுப்பிலே கரும்பலகையைப் பார்த்து எழுதியதை வீட்டுக்கு வந்து தனியே செய்து பார்க்காவிட்டால், கட்டிய காசு வீண். கைத்தொலைபேசி வந்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. கணக்கைப் படம் பிடித்தால் விடையும் வழியும் திரையில் வருகின்றன. அதைப் பார்த்துத் தன் பிழையைத் திருத்துகின்ற பிள்ளைக்கு அது உதவி. பார்த்து எழுதுகின்ற பிள்ளைக்கு அது பஸ்ஸிலே கிடைத்த பக்கத்துப் பிள்ளையின் கொப்பியே.

வேறு மலைகளில் நடந்தவை

இந்தத் துன்பம் எமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டில் தொஸ்கானா மலைப்பகுதியில் பார்பியானா என்ற சிற்றூர் உண்டு. 1954 இல் லொரன்சோ மிலானி என்ற குருவானவர் அங்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த ஏழை விவசாயிகளின் பிள்ளைகள் பாடசாலையில் தவறி, படிப்பை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தமது பங்கு மனையிலேயே பள்ளியொன்றைத் தொடங்கினார். அங்கே முன்னே போனவர் பின்னே நிற்பவருக்குக் கற்பித்தார். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கே முதலிடம். அதற்கு விளங்கும் வரை மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. 1967 இல் அந்தப் பிள்ளைகள் ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவதுபோல் ஒரு நூலை எழுதினார்கள். எந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து தள்ளப்படுகின்றார்கள் என்பதை அவர்களே புள்ளிவிபரங்களைச் சேகரித்து, கணக்கிட்டுக் காட்டினார்கள். தவறிய பிள்ளைகள் தமக்கு நேர்ந்த அநீதியைக் கணக்காலேயே எண்பித்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் மிலானி அடிகள் காலமானார். 2017 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது கல்லறைக்குச் சென்று செபித்தார்.

அமெரிக்காவிலே 1960 களில் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை பெற்றுக்கொடுக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ரொபர்ட் மோசஸ். 1982 முதல் அவர் இன்னொரு போராட்டத்தில் இறங்கினார். அது பிள்ளைகளுக்கு அட்சர கணிதம் கற்பிப்பது. வாக்குரிமை இல்லாதவன் அன்று எப்படி ஒதுக்கப்பட்டானோ, அப்படியே கணிதம் இல்லாதவன் இன்று ஒதுக்கப்படுகின்றான் என்பது அவரது கருத்து. நேர் எண், மறை எண் ஆகியவற்றைக் கற்பிக்க அவர் பிள்ளைகளைப் பொஸ்டன் பகுதியின் சுரங்க ரயிலில் அழைத்துச் சென்றார்.

நமக்கு ரயில் வேண்டாம், பஸ் போதும். கட்டுகஸ்தோட்டைச் சந்தியைப் பூச்சியம் என்று வைப்போம். மாத்தளைப் பக்கமுள்ள தரிப்புகள் +1, +2, +3. கண்டிப் பக்கமுள்ளவை −1, −2, −3. கண்டிப் பக்கம் −3 இல் ஏறியவர் மாத்தளைப் பக்கம் +2 இல் இறங்கினால் எத்தனை தரிப்புகளைக் கடந்தார்? விரல் விட்டு எண்ணினால் 5. கொப்பியில் இது 2 − (−3) = 5. "கழித்தலும் கழித்தலும் கூட்டலாவது எப்படி?" என்று பிள்ளை கேட்ட கேள்விக்கு பஸ்ஸிலேயே பதில் கிடைத்துவிடுகின்றது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, வாரத்தில் இரண்டு மாலையாவது வீட்டிலே கணக்குக்கென்று ஒதுக்குவோம். அரை மணித்தியாலம் போதும். அந்த நேரத்தில் தொலைக்காட்சி வேண்டாம். பிள்ளையைத் தண்ணீருக்கோ கடைக்கோ அனுப்பவும் வேண்டாம். குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பற்றி இதைச் சொல்கின்றோம். தம்பி கொப்பியோடு இருக்க, அக்கா அடுப்படியில் நிற்பது இன்னும் எமது வீடுகளில் நடக்கின்றது. நாளைக்குக் கடன் சங்கத்தின் கொப்பியை எழுதப்போகின்றவள் பெரும்பாலும் அந்த அக்காதான்.

இரண்டாவதாக, ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்ப்போம். கோவில் மண்டபமோ, முன்பள்ளிக் கட்டடமோ, ஒரு வீட்டின் திண்ணையோ எதுவும் ஆகும். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுப்பவரே அதிகம் கற்கின்றார். சைவப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை என்ற வேறுபாடு இதில் வேண்டாம். 3ம + 5 எல்லோருக்கும் ஒன்றே.

மூன்றாவதாக, வீட்டின் உண்மைக் கணக்குகளைப் பிள்ளையின் கையில் கொடுப்போம். சந்தைச் சிட்டை, மின்சாரப் பட்டியல், சம்பளத் துண்டு, தவணை அட்டை ஆகியவற்றை ஒளித்து வைக்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை அவற்றைக் கூட்டிப் பார்த்துச் சொல்லட்டும். குடும்பத்தின் வறுமையைப் பிள்ளை அறிந்துவிடும் என்று சிலர் கூச்சப்படுகின்றார்கள். பிள்ளை அதை ஏற்கெனவே அறியும். தொகை எவ்வளவு என்பதுதான் அதற்குத் தெரியாது.

நான்காவதாக, பங்கு நிலையங்களையும் அபிவிருத்தி நிறுவனங்களையும் நோக்கி ஒரு வார்த்தை. கொப்பியும் பையும் பகிர்ந்தளித்துப் புகைப்படம் எடுப்பது சுலபம். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாட்களில் அந்த உதவி தேவையாகவும் இருந்தது. ஆனால் கொடுத்த கொப்பியில் கணக்குச் செய்யப்படுகின்றதா என்று பார்க்க ஒருவரை அனுப்புவதே கடினமான பணி. கடனுதவித் திட்டங்களை நடத்துவோர், வட்டி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதை அங்கத்தவர் முன்னிலையில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். எமது நிறுவனங்கள் இதற்கு விதிவிலக்கல்ல.

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் போதுமானது உண்டா என்று கணக்குப் பார்க்க மாட்டாரா என்று ஆண்டவர் இயேசு கேட்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கின்றோம். சீடராவதன் விலையை விளக்க அவர் எடுத்த உவமை அது. ஒருமுறை வீடிழந்து, புதிய இடத்தில் மீண்டும் கட்டியெழுப்பிக்கொண்டிருக்கும் எமக்கு அதன் நேர்ப்பொருளும் தேவையாகவே இருக்கின்றது. இன்று மாலை பிள்ளை கணிதக் கொப்பியைத் திறக்கும்போது எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "இந்த வரி எப்படி வந்தது, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள்.